கடலூர் கெடிலம் ஆற்றங்கரையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை: மாநகராட்சி மானியம் கேட்க நாம் என்ன செய்யலாம்?

#1 கெடிலக்கரையான் (ஞாயிறு, காலை 7.40)

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புதுப்பாளையம். மகள் தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதிலேயே கல்லூரிக்குப் போய்வருகிறேன் என்றாள், ஒரு வாரம் போனாள். எட்டாம் நாள் பீச் ரோட்டில் பின்னால் வந்த வேன் ஒன்று பக்கக் கண்ணாடியால் அவள் முழங்கையைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. வெறும் சிராய்ப்புதான். ஆனால் அன்றைக்கு மாடிப்படிக்கு அடியில் போன சைக்கிள் வெளியே வரவில்லை. இப்போது அதன் கேரியரில் கால்மிதி காய்கிறது.

அந்த ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. அண்ணா பாலத்தில் இறங்கி வடகரையோடு நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முகத்துவாரம். வேன் இல்லை, பஸ் இல்லை. இருப்பதெல்லாம் சீமைக் கருவேலமும், நாணலும், யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடும்தான். நடுவில் மாடு மேய்க்கிறவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அது எங்கே அற்றுப்போகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று போன வாரம் ஒருமுறை நடந்து பார்த்தேன். செருப்பு ஒன்றைச் சேற்றில் விட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம்.

அந்தக் கரையில் நடக்கிறவர்கள், சைக்கிள்காரர்கள், மீன் கூடைக்காரப் பெண்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லோருக்குமாக ஒரு பாதை. மோட்டார் வண்டி மட்டும் கூடாது. இதற்கு மத்திய, மாநில மானியம் எதிலாவது மாநகராட்சி விண்ணப்பிக்க முடியுமா? வார்டு மக்கள் கூடிப் பேசும் எங்கள் ஏரியா சபையில் தீர்மானமாக வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓ.டி. வாசி (ஞாயிறு, காலை 7.52)

நல்ல யோசனை. நடக்காது.

#3 கெடிலக்கரையான் (ஞாயிறு, காலை 7.58)

அண்ணா, ஏன் என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

#4 ஓ.டி. வாசி (ஞாயிறு, காலை 8.30)

சரி, சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், போன முறை ஃபெஞ்சல். ஒவ்வொரு தடவையும் ஓல்டு டவுனில் எங்கள் தெருவில் தண்ணீர் இறங்க எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர்க் கோடு இன்னும் இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. வடிகால் இல்லாத ஊரில் வாக்கிங் பாதை எதற்கு? பணம் வந்தால் முதலில் கால்வாயைத் தூர் வாரட்டும்.

இன்னொன்று. ஃபெஞ்சல் சமயத்தில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது ஊரின் வடக்குப் பக்கம் என்ன ஆனது என்று பார்த்தீர்கள் அல்லவா? மலட்டாறு வழியாகக் கெடிலத்துக்கும் அந்தத் தண்ணீரின் ஒரு பங்கு வரும். ஆற்றுக்குள் கொண்டுபோய்க் கல் பதித்தால் அடுத்த ஐப்பசியில் அந்தக் கல் கடலில்தான் கிடக்கும்.

#5 ஓய்வுபெற்ற ஏ.இ. (ஞாயிறு, காலை 10.15)

இருவருக்கும் வணக்கம். உள்ளாட்சியில் முப்பது வருடம் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) எஸ்டிமேட் போட்டவன் என்கிற உரிமையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஓ.டி. வாசி கேட்டதற்கு வருகிறேன். “அந்தப் பணத்தை இதற்குச் செலவு செய்யலாமே” என்று எல்லோரும் கேட்பார்கள். மானியப் பணம் அப்படி ஒரே பானையில் வருவதில்லை. 15வது நிதி ஆணையம் (2021-26) பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு ஒதுக்கியதைப் பாருங்கள். நூற்றுக்கு 40 பங்குதான் நம் விருப்பப்படி செலவிடக்கூடியது. மீதி 60 கட்டுண்ட நிதி. அதில் பாதி துப்புரவு, குப்பை மேலாண்மைக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு. அதை எடுத்து நடைபாதை போட்டால் தணிக்கையில் மாட்டும். அதே மாதிரி பூங்காவுக்கு என்று வந்ததை எடுத்து வடிகால் வெட்ட முடியாது. இந்த மானியம் வாங்கவே வேறு வாசற்படிகள் உண்டு: தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட வேண்டும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்திருக்க வேண்டும். 2022-ல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி ஏறியதே, அதற்கு அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. திட்டினோமே தவிர யாரும் காரணத்தைப் படிக்கவில்லை.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது. எனக்குத் தெரிந்து மூன்று.

அம்ரூத் 2.0. மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், 2021 அக்டோபர் 1 தொடங்கியது. பெரும்பாலான பணம் குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் போகும், ஆனால் நீர்நிலை மீட்பும் பசுமைவெளியும் அதற்குள் வரும். மக்கள்தொகையைப் பொறுத்து மத்தியப் பங்கு மாறும். ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் பாதி. ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. 2011 கணக்கெடுப்பில் நம் ஊர் 1,73,636, ஆக நாம் மூன்றில் ஒரு பங்கு ஊர். மிச்சத்தை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும்.

இரண்டாவது கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம். மாநில நிதி. பூங்கா, நீர்நிலை, சந்தை, பேருந்து நிலையம் என்று பலதும் இதில் எடுத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் மத்தியத் திட்டத்தைவிட இதில் காகித வேலை குறைவு.

மூன்றாவது நமக்கு நாமே. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்களோ, சங்கமோ, நிறுவனமோ கட்டினால் மிச்சத்தை அரசு போடும். முழுப் பாதைக்கும் இது ஆகாது. ஒரு துண்டுக்கு ஆகும்.

ஆனால் தம்பி, நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் எஸ்டிமேட் போட்ட காலத்தில் பணம் இல்லாமல் நின்ற வேலை கொஞ்சம்தான். நிலத்துக்குக் காகிதம் இல்லாமல் நின்றவைதான் அதிகம். கரை மாநகராட்சிக்குச் சொந்தமா? கிடையாது. அது ஆற்றுப் புறம்போக்கு, கையாள்வது நீர்வளத்துறை. அவர்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் விரிவான திட்ட அறிக்கையை மேலே அனுப்பினால், அனுப்பிய வேகத்தில் திரும்பி வரும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மீதியை எழுதுகிறேன்.

#6 வலைக்காரர் மகள் (ஞாயிறு, காலை 11.02)

தேவனாம்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். எல்லோரும் கரை, கரை என்கிறீர்கள். அந்தக் கரையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே?

முகத்துவாரத்துக்கு மேலே எங்கள் ஆட்கள் ஃபைபர் படகை ஏற்றி வைக்கும் இடம் ஒன்று உண்டு. கடல் கொந்தளிப்பாக இருந்தால் எல்லாப் படகும் அங்கேதான் வரும். அதை அடுத்து வலை பிரித்துக் காயப்போட்டு, அறுந்த கண்ணைக் கோர்க்கும் இடம். பட்டா கிடையாது. தாத்தா காலத்தில் இருந்து இருக்கிறோம், அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு அழகுபடுத்துகிறோம், பாதுகாக்கிறோம் என்று எத்தனையோ வரைபடம் வந்தது. எதிலும் எங்கள் வலைக்கு ஒரு கோடு போட்டதில்லை. விளக்கும் பெஞ்சும் வந்த பிறகு “இங்கே வலை போடாதே, நாற்றமடிக்கிறது” என்று வாக்கிங் வருகிறவர்கள்தான் முதலில் சொல்வார்கள்.

பாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா தினமும் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு போகிறவர். ஷேர் ஆட்டோக்காரர் கூடை ஏற்ற மாட்டேன் என்றால் அன்னக்கூடையைத் தலையில் வைத்து நடந்துதான் போவார். மீன் தண்ணீர் முதுகில் சொட்டும். நிழலோடு ஒரு வழி இருந்தால் முதலில் போகப்போவது அவர்தான். ஆனால் கோடு போடும்போது எங்களைக் கேளுங்கள்.

#7 கெடிலக்கரையான் (ஞாயிறு, காலை 11.20)

அக்கா, தப்புதான். நான் நடந்தபோது படகுகளைப் பார்த்தேன். அது ஒரு இடம் என்று நினைக்கத் தோன்றவில்லை, வழியில் நிற்கிற பொருள் மாதிரிதான் பட்டது. உங்கள் இடம் எதிலிருந்து எது வரை என்று காட்ட முடியுமா? நேரில் வருகிறேன்.

#8 அட்லாண்டா கடலூரான் (ஞாயிறு, மாலை 6.45)

செயின்ட் ஜோசப்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன், இப்போது இருப்பது அமெரிக்காவில் அட்லாண்டாவில். இங்கே இதே கதை நடந்ததால் சொல்கிறேன்.

ஊரைச் சுற்றிக் கைவிடப்பட்ட ரயில் பாதை இருந்தது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வட்டம். அதை நடைபாதையும் சைக்கிள் பாதையுமாக மாற்றலாம் என்று 1999-ல் ஒரு கல்லூரி மாணவர் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார். அதுதான் இன்று பெல்ட்லைன். 2013-ல் மேற்குப் பக்கத் துண்டுக்கு மத்திய அரசின் போக்குவரத்து மானியம் 1.8 கோடி டாலர் கிடைத்தது. துண்டின் நீளம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, திறந்தது 2017-ல். யோசனைக்கும் இந்தத் துண்டுக்கும் நடுவில் பதினெட்டு வருடம்! முழு வட்டத்தின் வேலை அதற்குப் பிறகும் நடக்கிறது.

அந்த மானியத்துக்கு 2009-ல் டைகர் என்று பெயர், 2018-ல் பில்ட், 2021-ல் ரெய்ஸ். ஆட்சி மாறினால் பெயர் மாறும், நம் ஊர் மாதிரியேதான். மாறாதது ஒன்று: நகர்ப்புறத் திட்டம் என்றால் பொதுவாக மத்திய அரசுப் பணம் மொத்தச் செலவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீதியை உள்ளூர்க்காரன் கொண்டுவர வேண்டும். “உன் பங்கு எங்கே” என்பதற்குக் காகிதம் இல்லாத ஊர்கள் விண்ணப்பமே போட முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பாதை வந்ததும் ஓரத்து வீடுகளின் வாடகை ஏறியது. பழைய குடிகள் நிறையப் பேர் தாக்குப்பிடிக்க முடியாமல் போய்விட்டார்கள். வலைக்காரர் மகள் சொன்னதைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

#9 ஓ.டி. வாசி (ஞாயிறு, மாலை 7.10)

பதினெட்டு வருடமா! நான் சொன்னேனே, நடக்காது என்று.

#10 ஓய்வுபெற்ற ஏ.இ. (ஞாயிறு, இரவு 8.05)

மதியம் என்றேன், இரவாகிவிட்டது. பேரன் விடவில்லை.

நிலம். நகரப் பகுதி என்பதால் கிராமத்து அ-பதிவேடு போதாது. நகர நில அளவைப் பதிவேட்டு நகல், டி.எஸ்.எல்.ஆர், எடுங்கள். கூடவே புலப்படம், அதாவது நிலத்தின் அளவுப் படம். கரையோடு எந்த எண் ஆற்றுப் புறம்போக்கு, எது மாநகராட்சி, எது தனியார் பட்டா, எது கோயில் நிலம் என்று ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்த ஒரு தாள் இருந்தால் விண்ணப்பத்தில் பாதி வேலை முடிந்தது. இல்லாத ஊர்தான் அதிகம்.

நில மாற்றம் கேட்கவே கேட்காதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கை வேறு வகைப்பாட்டுக்கு மாற்றக் கூடாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும், கரையின் மேல் பாதை போட்டுப் பராமரிக்க அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேட்பதுதான் வழி.

அடுத்தது சி.ஆர்.இசட், அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி. கடலோரத்துக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஓதம், அதாவது கடல் நீர், ஏறி இறங்கும் ஆற்றுக் கரைக்கும் உண்டு. 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த நூறை ஐம்பதாக்கியது. ஓதம் எது வரை ஏறுகிறது என்பதற்கு உப்புதான் அளவுகோல். வருடத்திலேயே வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை கணக்கு. அதற்குள் வரும் நீளத்துக்குக் கடலோர மண்டல ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

#11 வலைக்காரர் மகள் (ஞாயிறு, இரவு 8.20)

உப்பு எது வரை ஏறும் என்று தெரிய ஆய்வுக்கூடம் எதற்கு ஐயா? சித்திரையில் எங்கள் அப்பா கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தே சொல்வார். கல்லூரிக்குப் பின்னால் வரை கரிக்கும். மடவை மீன் அது வரைதான் ஏறி வரும்.

#12 ஓய்வுபெற்ற ஏ.இ. (ஞாயிறு, இரவு 8.26)

அம்மா, அதை ஆணையம் ஏற்காது. ஆனால் எந்த இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு என் வணக்கம்.

#13 பாண்டி பக்கத்துவீடு (ஞாயிறு, இரவு 9.30)

புதுச்சேரியில் இருந்து ஒரு சின்னத் தகவல். எங்கள் கடற்கரைச் சாலையை எல்லோரும் புகழ்வார்கள். அதன் ரகசியம் கல்லும் இல்லை, விளக்கும் இல்லை. மாலையில் இருந்து மறுநாள் காலை வரை வண்டியை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். இரும்புத் தடுப்பை இழுத்து வைக்க ஒரு போலீஸ்காரர் போதும்.

நீங்கள் ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். 2021-ல் மாநகராட்சி ஆனீர்கள், 2022-ல் தேர்தல் நடந்தது, 45 வார்டுக்கும் கவுன்சிலர் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். 2011-ல் காலம் முடிந்த பிறகு மன்றமே இல்லை, அதிகாரிகள்தான். யூனியன் பிரதேசம் என்பதால் மத்திய நிதி ஆணையத்தின் கணக்கிலும் நாங்கள் வர மாட்டோம். அம்ரூத்தில் எங்களுக்கு முழுப் பணமும் மத்திய அரசே தரும், அது வேறு. ஆனால் “எங்கள் தெருவுக்கு இது வேண்டும்” என்று மன்றத்தில் எழுந்து சொல்ல ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். பயன்படுத்துங்கள்.

#14 டேப்போடு வந்தவன் (திங்கள், காலை 6.15)

இத்தனை பேரும் பணம், நிலம் என்கிறீர்கள். நான் நுழைவாயிலைப் பற்றிக் கேட்கிறேன்.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடமாகிறது. சக்கர நாற்காலியில்தான் வெளியே அழைத்துப் போகிறேன். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வாசலில் பைக் நுழையக் கூடாதென்று இரும்புக் குழாய் நட்டு வைத்திருக்கிறார்கள். பைக்கும் நுழையவில்லை, அப்பாவும் நுழையவில்லை. நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு டேப்பை எடுத்தேன். அப்பாவின் நாற்காலி, கை வைக்கும் வளையத்தோடு 66 செ.மீ. தள்ளுகிறவரின் விரல் நசுங்காமல் போக 80 வேண்டும். வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் முனைக்கு முனை 70. ஆக அப்பா நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். குழாயைக் கொண்டு இந்தக் கணக்கைத் தீர்க்கவே முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாசலை மூடாமல் ஸ்கூட்டர்காரனுக்கு அந்தப் பாதையால் ஆதாயம் இல்லாமல் செய்வது. குறுக்கு வழியாக எங்கேயும் போய்ச் சேரக் கூடாது. பாதை அண்ணா பாலத்தில் தொடங்கி நேராகப் பீச்சில் போய் முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அது பைபாஸ் ரோடுதான். நடுவில் எங்காவது கரையில் இருந்து படியில்லாமல் சாய்தளமாக, ஆனால் எஸ் மாதிரி வளைத்துக் கொண்டுபோனால் நாற்காலிக்குக் கஷ்டமில்லை, வண்டிக்காரனுக்கு அலுப்பு.

இந்தியச் சாலைப் பேரவையின் பாதசாரி விதிமுறையில் நடப்பவர்களுக்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் வேண்டும் என்றிருக்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அந்த அகலம் வேண்டும். சைக்கிளுக்கு அதன் பக்கத்தில் தனியாக விடுங்கள். அதே 1.8-க்குள் சைக்கிளையும் திணித்தால் முதல் மாதமே சண்டை.

#15 ஓய்வுபெற்ற ஏ.இ. (திங்கள், காலை 9.40)

முப்பது வருடத்தில் எத்தனையோ வாசலுக்குக் குழாய் நடக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட நாற்காலியை அளக்கவில்லை. வேறு என்ன சொல்ல.

#16 ஓ.டி. வாசி (திங்கள், காலை 10.05)

சரி, நானும் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாம் வருடம் யார் பார்ப்பார்கள்? வெளியூரில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றைப் பார்த்தேன், ஊர் பெயர் வேண்டாம். திறந்தபோது நூறு விளக்கு இருந்ததாம். நான் போனபோது கேபிளை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். எவர்சில்வர் கைப்பிடியைக் காணோம், அறுத்த அடிக்கட்டை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. குழந்தை கையைக் கிழிக்கிற மாதிரி. நம் ஊர் உப்புக்காற்றில் சாதா இரும்பு இரண்டு மழைக்குத் தாங்காது. எவர்சில்வர் போட்டால் திருடன். இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் “நடக்காது” என்பதை வாபஸ் வாங்குகிறேன்.

#17 கெடிலக்கரையான் (திங்கள், மாலை 7.30)

அண்ணா கேட்டதுதான் சரியான கேள்வி. நாள் முழுக்க வேலை ஓடவில்லை. மானியம் எல்லாமே கட்டுவதற்குத்தான், பராமரிப்புக்கு யாரும் தருவதில்லை. நாம் வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதாவிட்டால் அண்ணா பார்த்த அறுந்த கைப்பிடிதான் கதி.

அதனால் முழுப் பாதைக்கு மனுப் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஏ.இ. ஐயா சொன்ன தாளை எழுதுவோம். அதில் காகிதம் சுத்தமாக இருக்கும் துண்டு எதுவோ, சி.ஆர்.இசட்டுக்கு மேலே இருப்பது எதுவோ, அதை மட்டும் முதலில் கேட்போம். கைப்பிடியே வேண்டாம், கரைச்சரிவில் வெட்டிவேரும் புங்கனும் போதும். விளக்கு பாலத்தடியிலும் இரண்டு முனையிலும் மட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அங்கே யாருக்கு என்ன வேலை? குறைவாகப் போட்டால் திருடவும் குறைவாகத்தான் இருக்கும்.

#18 ஓய்வுபெற்ற ஏ.இ. (திங்கள், இரவு 8.10)

தம்பி தேறிவிட்டார். இரண்டு சேர்க்கை.

தளத்துக்குக் கான்கிரீட் வேண்டாம். ஓ.டி. வாசி பயந்தது நியாயம், வெள்ளம் வரத்தான் செய்யும். அடியில் மண் அரித்தால் கான்கிரீட் பலகை மாதிரி உடையும், உடைத்தெடுக்கவே தனி டெண்டர். பேவர் பிளாக் என்றால் பெயர்த்து எடுத்து, மணலைச் சமன்படுத்தி, அதே கல்லைத் திருப்பி அடுக்கலாம். நாலு ஆள், ஒரு வாரம். முக்கியமாக, பாதை கரையின் மேல் இருக்கட்டும், ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. ஆற்றின் அகலத்தை ஒரு அடி தின்றாலும் நீர்வளத்துறை கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

இரண்டாவது பங்குக் கணக்கு. திட்டம் மூன்று கோடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்ரூத் வழியில் மத்திய அரசு ஒரு கோடி. மிச்சம் இரண்டில் மாநகராட்சி தலையில் விழுவது எவ்வளவு, அது எந்தக் கணக்குத் தலைப்பில் இருந்து என்று மன்றத் தீர்மானத்திலேயே வர வேண்டும். “நிதி நிலைமைக்கேற்ப” என்று முடியும் தீர்மானத்தை மேலே ஒருவரும் மதிப்பதில்லை. நானே அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

#19 அட்லாண்டா கடலூரான் (திங்கள், இரவு 9.00)

நமக்கு நாமே பங்குக்கு இங்கே இருக்கும் கடலூர்க்காரர்களிடம் பேசிப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கேட்பார்கள், நானும் கேட்பேன்: எங்கள் பெயர் போட்ட பெஞ்சு வேண்டாம், வலைக்காரர் மகள் சொன்ன இடம் வரைபடத்தில் இருக்கிறதா?

#20 பாண்டி பக்கத்துவீடு (திங்கள், இரவு 9.15)

கோயம்புத்தூர் போனால் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்மார்ட் சிட்டி நிதியில் போட்டது. நடைபாதை, சைக்கிள் பாதை எல்லாம் உண்டு. அழகுதான். ஆனால் அந்த மிஷன் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது, கடலூர் அந்தப் பட்டியலிலும் இல்லை. அந்தப் படங்களைக் காட்டி மனுப் போட்டால் “அந்த நிதி இல்லையே” என்று கையை விரிப்பார்கள். படத்தைக் காட்டாமல் துண்டை மட்டும் காட்டுங்கள்.

#21 ஓ.டி. வாசி (செவ்வாய், காலை 7.05)

செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் வெள்ளைக்காரன் மராத்தியரிடம் வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை நிலம் என்று பேச்சு. சுட்டான், எல்லை பிடித்தான், வேலை முடிந்தது. குண்டு கிராமம் என்ற பேச்சு அதிலிருந்துதான் வந்தது. நம் ஊரில் நில அளவை அவ்வளவு வேகமாக நடந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

சரி. “நடக்காது” வாபஸ். ஆனால் ஏரியா சபையில் இதோடு எங்கள் தெரு வடிகாலையும் தனித் தீர்மானமாக வைப்பேன். வேறு பானை என்று ஏ.இ. சொல்லிவிட்டார், அதனால் ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. நீங்கள் அதற்குக் கை தூக்க வேண்டும், நான் இதற்குத் தூக்குகிறேன்.

#22 கெடிலக்கரையான் (செவ்வாய், காலை 7.20)

இரண்டு கையையும் தூக்குகிறேன் அண்ணா.

#23 வலைக்காரர் மகள் (செவ்வாய், இரவு 9.50)

இன்று மாலை அவர் வந்தார், புதுச் செருப்போடு. அப்பாவும் நானும் கூட நடந்தோம். படகு ஏற்றும் இடம் நீளத்தில் நாற்பத்திரண்டு காலடி, அப்பாவின் காலடி. வலைக்கு அதற்கு மேல் முப்பது. அந்த இடத்தில் பாதை கரையை விட்டு ஊர்ப் பக்கம் வளைந்து போகட்டும், கல் பதிக்க வேண்டாம், மண்ணாகவே இருக்கட்டும் என்றார் அப்பா. படகு இழுக்கும்போது கல்லில் அடிப்பகுதி தேயும். இதைப் பஞ்சாயத்தில் பேசிவிட்டு ஊர் சார்பாக எழுதிக் கொடுக்கிறோம். வாய்ப்பேச்சு வேண்டாம்.

டேப்போடு வந்த தம்பி, எஸ் வளைவுக்கு அதுதான் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலை காயும் மண்ணில் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கட்டும் யாராவது!

#24 டேப்போடு வந்தவன் (செவ்வாய், இரவு 10.02)

மண் என்றால் அப்பாவின் நாற்காலியும் புதையுமே அக்கா.

#25 வலைக்காரர் மகள் (செவ்வாய், இரவு 10.10)

ஆமாம், யோசிக்கவில்லை. ஊர்ப் பக்கத்து ஓரத்தில் ஒரு நாற்காலி போகிற அகலத்துக்கு மட்டும் கல் பதிக்கலாமா? படகு அந்தப் பக்கம் வராது. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

#26 ஓய்வுபெற்ற ஏ.இ. (புதன், காலை 8.30)

டி.எஸ்.எல்.ஆர் நகலுக்கு நேற்றே விண்ணப்பித்துவிட்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணா பாலத்து வடமுனையில் கூடுவோம். நீளத்தை நானே அளக்கிறேன், முப்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது. டேப்போடு வந்தவர் அகலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், முடிந்தால் அப்பாவையும் அழைத்து வாருங்கள். ஓ.டி. வாசி 2015 தண்ணீர் எது வரை ஏறியது என்று கரையில் இருக்கிறவர்களிடம் கேட்டுக் குறிக்க வேண்டும், அது இல்லாமல் தளத்தின் உயரம் முடிவாகாது. தம்பி நோட்டுப் புத்தகம். யாராவது ஒரு டார்ச் கொண்டு வாருங்கள், பாலத்துக்கு அடியில் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது.

#27 கெடிலக்கரையான் (புதன், காலை 8.41)

டார்ச் மகள் கொண்டு வருகிறாள். சைக்கிளைத் துடைத்துக் காற்று அடித்து வைத்திருக்கிறாள், கால்மிதி வேறு இடத்தில் காய்கிறது.